அக்கா வீட்டு சிங்க்

நாற்பத்திரண்டு வயதாகியும் அவனுக்குப் பெயர் தம்பிதான். அக்கா அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, குடியிருப்புக் காவலாளியில் தொடங்கி அவன் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் பேராசிரியர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன். அதை நம்பி ஒருநாள் காய்ச்சலோடு கதவைத் தட்டிய மூன்றாம் மாடிக்காரர், விஷயம் தெரிந்ததும் "ஓ, ஊசி போடாத டாக்டரா?" என்று கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து அந்தப் பட்டமும் சேர்ந்துகொண்டது.

அவன் இருப்பது அக்கா வீட்டில். அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கிருமித் தடுப்புப் பிரிவின் தலைமை நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள்கூட எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து படுப்பார்கள். "கை கழுவியாச்சா?" என்று சிவப்பு எழுத்தில் அவளே எழுதி அச்சடித்த ஸ்டிக்கரை ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு குழாய்க்கு மேலும் ஒட்டியிருந்தாள். மிஞ்சியதை வீட்டில் ஒட்டினாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'பினாயில் சிஸ்டர்' என்று பெயர். அது அவளுக்குத் தெரியும். உள்ளூர அதில் பெருமையும் உண்டு.

ஆக, கிருமியை ஒழிப்பது அக்காவின் தொழில். கிருமியை வளர்ப்பது தம்பியின் தொழில். ஒரே வீட்டில் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் சண்டையில்லாமல் காலம் தள்ளினார்கள் என்றால், அதற்கு அக்காவின் வீட்டுக்காரரைத்தான் பாராட்ட வேண்டும். மாமா பாட்டுக்குக் காலையில் செய்தித்தாளை விரிப்பார். அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் தாளைக் கீழே இறக்க மாட்டார்.

தம்பி தேடிக்கொண்டிருந்தது ஒரு புரதத்தை. பாக்டீரியாக்கள் தனித்தனியாக இருக்கும்வரை பரவாயில்லை, மருந்துக்கு மடங்கிவிடும். கூட்டம் சேர்ந்தால்தான் வம்பு. கொழகொழவென்று ஒரு படலத்தைக் கட்டி, அதற்குள் குடும்பத்தோடு உட்கார்ந்துகொள்ளும். மருந்து வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டியதுதான். நோயாளிக்குப் போடும் சிறுநீர்க் குழாயின் உட்பக்கம், பால் பண்ணையின் இரும்புக் குழாய், எங்கே பார்த்தாலும் இந்தப் படலம். ஆனால் சில பாக்டீரியாக்கள், அடுத்தவன் கட்டிய படலத்தைக் கரைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதத்தைச் சுரக்கும். அப்படி ஒரு நல்ல புரதம் கிடைத்தால் மருத்துவத்துக்கும் ஆகும், தொழிற்சாலைக்கும் ஆகும்.

மூன்று வருஷம் தேடினான். குளத்துச் சேறு, மாட்டுத் தொழுவம், பேருந்துக் கைப்பிடி, பேராசிரியரின் பழைய செருப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சோதனை என்னவோ எளிதுதான். ஒரு கண்ணாடித் தட்டில் அந்தப் படலத்தைப் பூசி, மேலே புதிய பாக்டீரியாவை ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழுந்தால் ஆள் அகப்பட்டான் என்று அர்த்தம். மூன்று வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தட்டு பார்த்தான். கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பகல் டியூட்டிக்குப் போயிருந்த நேரம், சமையலறை சிங்க்குக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. குழாய்க்காரர் வந்து, சிங்க்கின் கீழ் இருந்த அலமாரிக் கதவைத் திறந்து, வளைந்த குழாயைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"உள்ள பாத்தீங்களா சார்? வெளியில கண்ணாடி மாதிரி தொடச்சு வச்சிருக்காங்க. உள்ள பாருங்க, அல்வா மாதிரி இருக்கு."

தம்பி குனிந்து பார்த்தான். குழாய்க்குள் விரல் கனத்துக்குக் கறுப்பாகக் கொழகொழப்பு. அதை யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். அவன் பார்த்தது வேறு. வளைவின் ஓரத்தில் ஒரு நாணய அளவுக்கு மட்டும் குழாய் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அந்த இடத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னப் புள்ளி.

"அதை அப்படியே வைங்க! அசையாதீங்க!" என்று அலறினான்.

குழாய்க்காரர் பாம்பு என்று நினைத்து நாலடி தள்ளிப்போய் நின்றார். தம்பி காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கொண்டுவந்து புள்ளியை ஒற்றி எடுத்தான். ஆய்வுக் குறிப்புக்கு வேண்டும் என்று செல்போனில் நாலைந்து படமும் பிடித்துக்கொண்டான். பிறகு குழாயைப் பழையபடி மாட்டச் சொல்லி, குழாய்க்காரரிடம், "அக்கா கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க," என்று கேட்டுக்கொண்டான்.

"அல்வாவைப் பத்தியா சார்?"

"எல்லாத்தையும் பத்தி."

மூன்றாம் நாள் காலை ஆய்வகத்தில் தட்டைத் திறந்தான். வளையமா அது! பொட்டு மிளகளவு, வளையம் உள்ளங்கையளவு. பேராசிரியரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"தம்பி, இது எங்க கிடைச்சுது?"

"ஒரு... வீட்டு சிங்க்ல, சார்."

"யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு."

பேராசிரியருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: எங்கேயாவது போய் உரையாற்றிவிட்டு வருவார். தம்பியின் கணினியிலிருந்து படங்களை எல்லாம் வாரிக்கொண்டு போனார். எந்தப் படம் என்று தம்பி கேட்கவும் இல்லை. எங்கே பேசப் போகிறார் என்று அவர் சொல்லவும் இல்லை.

அவர் போனது அக்காவின் ஆஸ்பத்திரிக்கு. கிருமித் தடுப்புக் குழுவின் மாதாந்திரக் கூட்டம். அக்கா முதல் வரிசையில், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையில், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். தம்பி கடைசி நேரத்தில் விஷயம் தெரிந்து அடித்துப் பிடித்து ஓடிவந்து கதவருகே நின்றபோது, பேராசிரியர் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார்:

"இந்த அபூர்வமான பாக்டீரியா எங்க வாழுது தெரியுமா? அழுக்கின் உச்சத்தில்! இத்தனை கெட்டியான படலத்தை என் முப்பது வருஷ அனுபவத்துல நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பம் எப்படி உயிரோட இருக்காங்கன்னே எனக்கு ஆச்சரியம்!"

மண்டபம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். 'சிங்க் பராமரிப்பு - பொதுமக்கள் அறியாமை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த படம் திரையில் விழுந்தது. திறந்த அலமாரிக் கதவு. உள்ளே குழாய், அல்வா எல்லாம். கதவின் உட்பக்கத்தில் பளிச்சென்று சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர்: 'கை கழுவியாச்சா?'

மண்டபத்தில் இருந்த நூற்றிருபது பேருக்கும் அந்த எழுத்து யாருடையது என்று தெரியும். தினம் பத்து முறை பார்க்கிற எழுத்து. சிரிப்பு பாதியில் அறுந்தது. முதலில் ஒரு தலை திரும்பியது, பிறகு பத்து, பிறகு அத்தனையும். அக்கா அசையவில்லை. பேனா மட்டும் கையிலிருந்து நழுவி உருண்டு பேராசிரியரின் காலடியில் போய் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்து, "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா சிஸ்டர்?" என்று அன்பாகக் கேட்டார்.

"இருக்கு. உங்களைக் கேக்க இல்ல," என்றாள் அக்கா. அவள் பார்வை கதவுப் பக்கம் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அக்கா அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் மாமா வழியாகத்தான்.

"உங்க மாப்ள கிட்ட டீ ஆறுதுன்னு சொல்லுங்க."

"மாப்ளே, டீ ஆறுதாம்," என்பார் மாமா, தாளுக்குப் பின்னாலிருந்து.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. அவர் அந்தப் படத்தை எடுப்பார்னு எனக்கு—"

"உங்க மாப்ள கிட்ட சொல்லுங்க. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். நேத்து வார்டு ஆயா என்கிட்ட வந்து, 'சிஸ்டர், வேணும்னா நான் ஞாயித்துக்கிழமை வந்து உங்க வீட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரட்டுமா'ன்னு கேக்கறா. அதுவும் இரக்கப்பட்டு கேக்கறா."

மாமா தாளைச் சற்று இறக்கினார். "இதை முழுசா சொல்லணுமா, சுருக்கமா சொன்னா போதுமா?"

"இனிமே என் வீட்டுப் பேரு அவங்க ஆபீஸ்ல ஒரு துண்டுத் தாள்ல கூட இருக்கக் கூடாது. அதையும் சொல்லுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கேன் கிருமிநாசினி வந்தது. நாலு நாள் குழாயில் ஊற்றினாள். ஐந்தாம் நாள் அதிலும் திருப்தியில்லாமல், அந்தக் குழாயையே கழற்றி, இரட்டைப் பையில் போட்டுக் கட்டி, தொற்று நோய் வார்டுக் கழிவோடு சேர்த்து எரிக்க அனுப்பிவிட்டாள். சிங்க்குக்கு அடியில் புது வெள்ளைக் குழாய் முளைத்தது.

தம்பி அப்போது கவலைப்படவில்லை. பாக்டீரியாதான் ஆய்வகத்துக் குளிர்ப்பெட்டியில், பதினொரு சின்னக் குப்பிகளில் பத்திரமாகத் தூங்குகிறதே. அவனை உறுத்தியது வேறு விஷயம். குப்பிகள் மேல் அவன் கைப்பட ஒட்டியிருந்த சீட்டில் 'அக்கா வீட்டு சிங்க்' என்று இருந்தது. ஒரு துண்டுத் தாளில்கூட இருக்கக் கூடாது என்று உத்தரவு. உண்மையில், நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் அரசு வங்கிக்கு அவன் என்றோ ஒரு குப்பியை அனுப்பியிருக்க வேண்டும். அதற்கான படிவத்தில் 'எடுக்கப்பட்ட இடம், முழு முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குப் பயந்தே மூன்று வாரம் தள்ளிப்போட்டிருந்தான்.

அன்று போய்க் குப்பிகளிலும் தட்டுகளிலும் இருந்த பழைய சீட்டுகளை எல்லாம் உரித்துவிட்டு, சட்டென்று வாயில் வந்த, யார் மனதையும் புண்படுத்தாத ஒரு சொல்லைப் புதிதாக எழுதி ஒட்டினான்: 'தயிர்.'

இரண்டாம் நாள் ஆய்வகத்தில் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை. பாதுகாப்பு அதிகாரி அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. போன வருஷம் யாரோ வைத்திருந்த அரை ஆரஞ்சுக்கே ஒரு மாதம் விசாரணை நடத்தியவர். இந்த வருஷம் பனிக்குள்ளிருந்து ஒன்று இரண்டல்ல, பதினொரு தயிரைப் பிடித்தார்.

தம்பி மதியம் வந்தபோது அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

"தயிரை எவ்வளவு குளிர்ல வைக்கணும்னு ஒரு அளவு இல்லையா டாக்டர்? மைனஸ் எண்பதா?"

"மேடம்... அது எங்க?"

"எங்கயா? விதிப்படி பெரிய குக்கர்ல போட்டு, நூத்தி இருபத்தியொரு டிகிரில வேகவச்சு, கொட்டியாச்சு. இன்குபேட்டர்ல நாலு தட்டு வச்சிருந்தீங்க, அதுலயும் தயிர்னு இருந்துச்சு. அதையும்தான். இனிமே வீட்டுச் சாப்பாட்டை வீட்டுலயே வச்சுக்கோங்க."

தம்பி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பாக்டீரியாவின் மரபணுவைப் படிக்க அனுப்பியிருந்தாலாவது அந்தப் புரதத்தைத் திரும்பச் செய்துகொள்ளலாம். அது அடுத்த வாரத்து வேலையாக இருந்தது. மூன்று வருஷம் கண்ணுக்கு முன்னால் ஆவியாகப் போய்விட்டது, அதுவும் அதிகாரப்பூர்வமான கையெழுத்தோடு.

விஷயத்தைக் கேட்ட பேராசிரியருக்கு முகம் செத்துப்போனது. கோபிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. "வந்த இடத்துலயே போய்த் தேடுங்க தம்பி," என்று மட்டும் சொன்னார்.

வந்த இடத்தில் என்ன இருக்கிறது? அக்கா குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்துப் புதுக் குழாயைத் திறந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தான். தட்டில் ஒரு பொட்டுகூட வளரவில்லை. அத்தனை சுத்தமான இடத்தை அவன் தன் ஆய்வு வாழ்க்கையில் பார்த்ததில்லை. குழாய்க்காரருக்குப் போன் போட்டான்.

"உங்க வீட்டுக் குழாயிலேர்ந்து தண்ணி எங்க சார் போகும்? சுவத்துக்குள்ள எறங்கி, கீழ் வீட்டு சிங்க் லைனோட சேரும். சேர்ற எடத்துல ஒரு மூடி இருக்கு. அது கீழ் வீட்டு அலமாரிக்குள்ள இருக்கு. அங்க இன்னும் நல்ல அல்வாவா கெடைக்கும்."

தம்பிக்குப் பாதி உயிர் வந்தது. கீழ் வீடு யாருடையது என்று நினைவு வந்ததும் அந்தப் பாதியும் போனது.

கீழ் வீட்டில் இருப்பது சம்பந்தியம்மா. அக்காவின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தவர். கல்யாணமான மூன்றாம் மாதமே அந்தப் பிள்ளைகள் இரண்டும் புத்திசாலித்தனமாக வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டன. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக இங்கே மாட்டிக்கொண்டார்கள். இருவரும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பார்க்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை மாலை தம்பி தயங்கித் தயங்கிப் போய் நின்றான். சம்பந்தியம்மா எல்லாவற்றையும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்.

"எங்க வீட்டுல அதெல்லாம் இருக்குமா தம்பி? நான் தினம் வெந்நீர் ஊத்தறவ. உங்க அக்கா பாவம், வேலைக்குப் போறாங்க. அவங்களுக்கு நேரம் ஏது? நான் குத்தமா சொல்லல."

"இல்லம்மா, அது கெட்ட கிருமி இல்ல. நல்லது செய்யற கிருமி. அதுலேர்ந்து ஒரு புரதம் எடுத்தா நோயாளிங்களுக்குப் போடற டியூபை அடைச்சுக்காம வைக்கலாம். பால் பண்ணைல குழாய் கழுவலாம். எந்த வீட்டுல எடுத்தோம்னு புத்தகத்துல நிரந்தரமா பதிவாகும்."

சம்பந்தியம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நிரந்தரமாவா?"

"உலகம் முழுக்க."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் பஞ்சுக் குச்சிகளோடு போனபோது, சம்பந்தியம்மா முகம் மலர வரவேற்றார். சமையலறை பளபளத்தது. சிங்க் பளபளத்தது. அலமாரிக்குள் குழாய், மூடி, சுவர் எல்லாமே பளபளத்தன.

"நாலு பேர் பாக்கப்போற எடமாச்சே தம்பி. காலைல நாலு மணி நேரம் உக்காந்து தேச்சேன். எப்படி இருக்கு?"

தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரையில் மல்லாந்து படுத்து, அலமாரிக்குள் தலையை விட்டு, மூடியைத் திருகினான். அது வெளியே பளபளத்தாலும் திருகு மட்டும் அசையவில்லை. அதாவது உள்ளே அவர் கை போகவில்லை. கடவுளே என்று நினைத்து முழு பலத்தையும் போட்டுத் திருகினான். திறந்துகொண்டது. டார்ச் அடித்துப் பார்த்தான். ஆழத்தில், இரண்டு குழாயும் சேரும் முடுக்கில், கருகருவென்று கொழகொழப்பு. அதன் விளிம்பில், ஒரு நகத்தளவு இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது.

"இருக்கு!" என்று அலமாரிக்குள்ளிருந்து கத்தினான்.

அதே நேரம் வாசலில் அக்காவின் குரல் கேட்டது. மாமா உளறிவிட்டிருக்க வேண்டும்.

"எங்க அவன்? மேல என் மானத்தை வாங்கினது போதாதுன்னு சம்பந்தி வீட்டுல வந்து வேற—"

"வாங்க சம்பந்தி, வாங்க," என்றார் சம்பந்தியம்மா இனிமையாக. "உக்காருங்க. தம்பி நம்ம வீட்டுல ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சிருக்கார். ஆஸ்பத்திரிக்கெல்லாம் பயன்படப் போகுதாம். எங்க வீட்டுப் பேரு உலகம் முழுக்க போகப்போகுது. உங்க ஆஸ்பத்திரிலயும் போடுவாங்களாம்."

அக்கா அப்படியே நின்றாள். தம்பிக்கு அலமாரிக்குள்ளிருந்து அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கால்கள் ஒருமுறை தரையில் மாற்றி மிதித்தன.

"உங்க வீட்டுப் பேரா?" என்றாள் அக்கா. "அது எங்க வீட்டுக் கிருமி சம்பந்தியம்மா."

"இருக்கலாம். ஆனா இப்ப எங்க வீட்டுல இல்ல இருக்கு?"

"மேல இருந்து கீழதான் தண்ணி வரும். எங்க சிங்க்ல பொறந்து வளந்தது. நான் கொஞ்சம் மருந்து ஊத்தினதுல கோவிச்சுட்டு எறங்கி வந்திருக்கு."

"ஏன், இங்கேர்ந்து மேல வந்திருக்கக் கூடாதா?"

"எப்படி வரும்? அதுக்குக் காலா இருக்கு?"

இந்த இடத்தில் தம்பி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அறிவியல் என்று வந்துவிட்டால் அவனால் பொய்யைச் சகிக்க முடியாது. "கால் இல்லக்கா, வால் இருக்கு," என்றான் அலமாரிக்குள்ளிருந்து. "நல்லா நீந்தும்."

"பாத்தீங்களா?" என்றார் சம்பந்தியம்மா.

"நீ வெளிய வா," என்றாள் அக்கா. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வெளியே வந்தவன் கையில் பஞ்சுக் குச்சி இருந்தது, தலையெல்லாம் கறுப்பு அல்வா. இரண்டு அம்மாக்களும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, இது யாருடைய அழுக்கு என்று மிகுந்த மரியாதையோடு அரை மணி நேரம் வாதாடினார்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் அதிகம் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் ஆள் அதிகம் என்றாள் இன்னொருத்தி. போன மாதம் வரை இந்த இரண்டு பேரும் ஒரு ஈ பறந்தால்கூட அது பக்கத்து வீட்டு ஈ என்று சொன்னவர்கள்.

மூன்றாம் நாள் தட்டில் வளையம் விழுந்தது. அதே வளையம், உள்ளங்கை அகலம். இந்த முறை தம்பி அன்றைக்கே மரபணுவைப் படிக்க அனுப்பினான். குப்பிகளை மூன்று வெவ்வேறு கட்டடங்களில் பிரித்து வைத்தான். பாதுகாப்பு அதிகாரி அம்மாவை நேரில் அழைத்துவந்து ஒவ்வொரு குப்பியையும் காட்டி, இது தயிர் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டான்.

நாலு மாதம் கழித்து, புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்திருந்த சமயத்தில், ஒரு மத்தியானம் அக்கா ஆய்வகத்துக்கு வந்தாள். அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று கையைக் கழுவிக்கொண்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, எதையும் குறை சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். அதுவே தம்பிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"ஏழாம் வார்டுல ஒருத்தர் இருக்கார்," என்றாள். "முதுகெலும்புல அடி. எந்திரிக்க முடியாது. யூரின் டியூப் போட்டு எட்டு மாசமாச்சு. பத்து நாளைக்கு ஒருதரம் அடைச்சுக்கும். எடுத்துட்டு வேற போடணும். ஒவ்வொரு தரமும் நான் பக்கத்துல நிப்பேன். எத்தனை கை கழுவினாலும், எத்தனை மருந்து போட்டாலும் அந்த டியூபுக்குள்ள வந்துடுதுடா. எங்கேர்ந்து வருதுன்னு தெரியல." கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் புரதம் நெஜமாவே கரைக்குமா? மேடைல பேசறதுக்கு இல்லாம, நெஜமா?"

ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஆய்வகத்திலேயே கொழகொழப்பை வளர்த்துவிட்ட ஒரு துண்டு டியூப் அதற்குள் இருந்தது. அக்காவுக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எட்டு மாதமாகப் பார்க்கிற அதே அழுக்கு. அவன் புரதக் கரைசலை ஊற்றி, வெதுவெதுப்பான தொட்டியில் வைத்தான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அக்கா மகளைப் பற்றியும் மாமாவின் மூட்டுவலியைப் பற்றியும் பேசினாள். ஒரு மணி நேரம் கழித்து அவன் டியூபை இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் ஒருமுறை அலசி, வெளிச்சத்தில் காட்டினான். இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது.

அக்கா டியூபை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அவருக்கு எப்பக் குடுக்கலாம்?"

"இப்ப முடியாதுக்கா. முதல்ல விலங்குகள்ல பாக்கணும். அப்புறம் அனுமதி, அப்புறம் சோதனை. அஞ்சாறு வருஷமாவது ஆகும். அதுவும் எல்லாம் சரியா வந்தா. பால் பண்ணைக் குழாய்ல வேணா அடுத்த வருஷமே போட்டுப் பாக்கலாம்."

"அஞ்சாறு வருஷமா?"

"ஆமாக்கா."

"அப்ப இங்க உக்காந்து டீ குடிச்சுட்டு என்ன பண்றே?" என்று எழுந்தாள். "வேலையப் பாரு."

மறுநாள் காலை நுண்ணுயிர் வங்கிப் படிவத்தை அவளிடமே கொடுத்தான். முகவரிக் கட்டத்தில் அவள் முத்து முத்தாக மேல் வீட்டு எண்ணை எழுதினாள். பேனாவை மூடப் போனவள், நீண்ட பெருமூச்சு விட்டு, அதற்குக் கீழே கீழ் வீட்டு எண்ணையும் எழுதினாள். சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். தன் எண் இரண்டாவதாக இருப்பதை அவர் கவனித்தார். ஆனாலும் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

பத்து நாள் கழித்து வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தார். தம்பி எடுக்கப் போவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். மாமா தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"ஆமா, சொல்லுங்க... ஆமாங்க, வீட்டு சிங்க்தான். முதல் தடவை எடுத்தது எங்களோடது... இல்ல இல்ல, தப்பா எழுதல. நான் நர்ஸ்தான்... கிருமித் தடுப்புதான்." எதிர்முனை ஏதோ நீளமாகக் கேட்டது. அக்காவின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு அழுக்குன்னு கேக்கறீங்களா? எழுதிக்கோங்க சார். ரொம்ப அழுக்கு. எங்க வீட்டளவுக்கு இந்த ஊர்லயே யார் வீட்டுலயும் இருந்திருக்காது."